முப்பத்தொன்பதாம் நம்பர்

1983 ஜனவரி 12, புதன்கிழமை, காலை ஏழு நாற்பது. மூடுபனி. டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸின் மாடி வராந்தாவிலிருந்து எதிர் பிளாக் தெரியவில்லை. அதற்கு முன்னால் நிற்கும் வேப்பமரம் பாதி தெரிந்தது. வராந்தாவில் நான் மாட்டியிருந்த வெப்பமானி ஆறு டிகிரி காட்டியது. ஆபீசுக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்குப் பதினாறு படிகள். சத்தம் எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறியது.

கதவைத் திறந்தேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும் ஒரு குள்ளமான அம்மாள். நூல் புடவைக்கு மேல் ஆண்கள் போடும் நீல ஸ்வெட்டர், தோளில் துணிப்பை. உச்சந்தலையில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை முடி அழுந்திப் படிந்து ஒரு கோடு. ஹெட்போன் பட்டை வருஷக்கணக்காக உட்கார்ந்த தடம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

குழந்தை எங்கே என்று கேட்டார். வணக்கம் கிடையாது, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் குரலைக் கேட்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மூன்று நாளைக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை, என் டிரங்க் காலை ஒட்டுக் கேட்ட குரல்.

அதைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நான் கீழ்வீட்டு பஞ்சாபிக்காரர் வீட்டு டெலிபோனில் திருநெல்வேலிக்கு டிரங்க் கால் புக் செய்து, ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்து என் அண்ணனிடம் பேசினேன். பேச்சு என் மகள் மைதிலியைப் பற்றி. அப்போது அவளுக்கு மூன்று வயது நான்கு மாதம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். வாயில் ஒரு வார்த்தை இல்லை. வட்டமாக எது கிடைத்தாலும் தரையில் சுழற்றி, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான்கு டாக்டரைப் பார்த்தாயிற்று. ஒருவர் காது என்றார், ஒருவர் மூளை வளர்ச்சி என்றார், ஒருவர் ஐந்து வயதில் தானாகப் பேசும் என்றார். நான்காமவர் தாய் சரியாகக் கொஞ்சவில்லை என்றார். அதைக் கேட்டு என் மனைவி கோமதி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அண்ணன் ஒரு யோசனை வைத்திருந்தார். "ஏலே, மதுரைப் பக்கம் ஒரு ஹோம் இருக்கு. இந்த மாதிரிப் பிள்ளைகளைக் கடைசி வரைக்கும் வச்சுப் பாக்காங்க. பொட்டப் பிள்ளை. நம்ம காலத்துக்குப் பொறவு யாரு பாப்பா? ஜூன் மாசத்துக்குள்ள நீ கையெழுத்துப் போட்டு பாரத்தை அனுப்பு." நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது லைனுக்குள் ஒரு பெண் குரல் வந்தது. "மூணு நிமிஷம் ஆச்சு சார். எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?" வேண்டாம் என்றேன். அண்ணனின் லைன் போயிற்று. குரல் போகவில்லை. "சார், அந்தக் குழந்தை டப்பா மூடியைச் சுத்தும்போது நீங்க பக்கத்துல படுத்துப் பார்த்திருக்கீங்களா?"

நான் ரிசீவரை வைத்துவிட்டேன். நான் தணிக்கைத் துறைக்காரன். ஒரு ஆபரேட்டர் சந்தாதாரரின் பேச்சை ஒட்டுக் கேட்பது விதிமீறல். அன்று மாலையே எக்ஸ்சேஞ்ச் சூப்பரின்டெண்டென்ட்டுக்கு ஒரு புகார் எழுதி வைத்தேன். மறுநாள் அந்த அம்மாள் கீழ்வீட்டு நம்பருக்குப் போன் செய்து கோமதியைக் கூப்பிடச் சொன்னதும், கோமதி விலாசம் கொடுத்ததும் எனக்குத் தெரியாது.

ஆகவே வாசலிலேயே கேட்டேன், நீங்கள் செய்தது விதிக்கு விரோதம் இல்லையா என்று.

"விரோதம்தான் சார். எழுதிக் குடுங்க. பேர் வேண்டாம், ஆபரேட்டர் நம்பர் தர்ட்டி நைன்னு போட்டாப் போதும். நீங்க எழுதி முடிக்கற வரைக்கும் நான் குழந்தையோட இருக்கேன்."

உள்ளே போய்விட்டார். கோமதி அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "நாந்தான் வரச் சொன்னேன். ஆபீசுக்கு நேரமாச்சுன்னா நீங்க கெளம்புங்க" என்றாள். கல்யாணமான ஏழு வருடத்தில் அவள் என்னைக் கிளம்பச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடம் நம்பராகவே இருந்தவர். பெயரைச் சொன்னால் ஆள் வந்து நடுவில் நின்றுவிடும் என்பார். கோமதி அவரை அக்கா என்று கூப்பிட்டாள். பிளாக்கில் எக்ஸ்சேஞ்ச்வாலி என்றார்கள். நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

டெல்லியிலேயே பிறந்து கரோல் பாகில் வளர்ந்தவர். பேச்சில் பாதி இந்தி கலந்திருக்கும். தமிழ் படிக்கத் தெரியாது. கடைப் பலகையில் இருக்கும் எழுத்தைக்கூடக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். மத்தியானம் இரண்டு மணி ஷிஃப்ட். அதனால் திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு நாற்பதுக்கு வந்து எட்டே முக்காலுக்குப் போவார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். சர்க்கரை இல்லாத டீ ஒரு டம்ளர். பிறகு தரையில் உட்காருவார். மைதிலி உட்கார்ந்தால் இவர் படுப்பார். எப்போதும் அவள் கண்ணுக்குக் கீழே ஒரு ஜாண் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

பைக்குள் ஏதாவது சாமான், படம், பொம்மை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு குடையும் பஸ் பாஸும் மட்டும்தான் இருந்தன.

முதல் பதினொரு முறை அவர் செய்தது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் மைதிலி சுழற்றுவது பால் டோக்கன். அப்போது காலனியில் பால் பூத்தில் உலோக டோக்கன் போட்டால் மெஷினிலிருந்து அரை லிட்டர் பால் பாத்திரத்தில் விழும். மாதம் பிறந்தால் அறுபது டோக்கன் வாங்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பேன். மைதிலி அதைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகச் சுழற்றுவாள். வராந்தாவின் மழைத்தண்ணி ஓட்டை வழியாகச் சில கீழே சாக்கடைக்குப் போகும். இந்த அம்மாள் அவள் பக்கத்தில் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துத் தானும் ஒரு டோக்கனைச் சுழற்றுவார். அது சுழலும்போது ஒரே ஒரு வார்த்தை, "சுத்து." விழுந்ததும் பேசாமல் இருப்பார். அவ்வளவுதான். மணி எட்டே முக்கால் ஆகிவிடும்.

பன்னிரண்டாம் முறை என்னால் பொறுக்க முடியவில்லை. குழந்தையின் அந்தக் கெட்ட பழக்கத்தை நிறுத்தத்தானே ஆள் வைப்பார்கள், நீங்களும் சேர்ந்து செய்கிறீர்களே என்றேன். தரையிலிருந்து எழுந்திருக்காமலே பதில் சொன்னார். "சார், இது டயல் டோன். ரிசீவரை எடுத்தா கொர்ர்ருன்னு ஒரு சத்தம் வருமே, அது வந்தா லைன் உயிரோட இருக்குன்னு அர்த்தம். டயல் டோன் பிடிக்கலைன்னு யாராவது போனை வெச்சுடுவாங்களா?"

அவர் பேச்செல்லாம் இப்படித்தான், எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே சுற்றும். இந்த நிலைக்கு ஆட்டிசம் என்று பெயர் என்பதை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். எங்கே படித்தீர்கள் என்றால், அக்கா பையனை வளர்த்தேன், ஒரு இங்கிலீஷ் புஸ்தகமும் இருக்கு என்பதோடு சரி. என்னைப் பார் என்று குழந்தையின் தாடையைப் பிடித்துத் திருப்பக் கூடாது என்று எங்களுக்குத் தடை. "கண்ணைப் பார்த்தாத்தான் பேச்சா? டிரங்க் கால்ல யார் முகத்தை யார் பார்த்தாங்க?" குக்கர் விசில் அடித்தால் மைதிலி காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். விசில் வருவதற்கு முன் அவள் முதுகில் இரண்டு தட்டு தட்டச் சொல்லிக் கோமதிக்குக் காட்டிக் கொடுத்தார். அறிவிக்காமல் லைனைக் கொடுத்தால் யாருக்கும் காது வலிக்கும் என்றார். பிஸ்கட் டப்பாவைக் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், கைக்கு எட்டாமல், மூடியை இறுக்கி வைக்கச் சொன்னார். கேட்காமல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் கால் பிஸ்கட்தான்.

காத்திருப்பதுதான் அந்த அம்மாள். வேறு எதைச் சொன்னாலும் அதில் வந்து முடியும். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு சுழற்றாமல் உட்கார்ந்திருப்பார். முகத்தில் அவசரமோ ஆசையோ இருக்காது. "ருக்கோ, பொறு, லைன் வரும்" என்று யாருக்கோ சொல்வது போல முணுமுணுப்பார். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது மைதிலி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தரைப்பக்கம் இழுத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். "சுத்து" என்று சொல்லி அவர் உடனே சுழற்றினார். எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. கோமதி அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் குழந்தைகளுக்குத்தான் இந்தப் பொறுமையெல்லாம். பெரியவர்களுக்கு மூன்று நிமிடம். பக்கத்து வீட்டு மாமி தன் நாத்தனார் பேரனுக்கு நாக்கில் வசம்பு தடவிப் பேச்சு வந்த கதையைச் சொல்ல வந்தார். பாதியில் இவர், "மூணு நிமிஷம் ஆச்சு மாமி" என்றார். மாமி அதற்குப் பிறகு எங்கள் படி ஏறவே இல்லை. எனக்கும் அதே கதிதான். இவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்குமா, மாற்றல் வந்தால் என்ன செய்வது, எங்களுக்குப் பிறகு யார் என்று நான் ஆரம்பித்தால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சரியான இடத்தில், "சார், மூணு நிமிஷம்" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் நுழையாது.

பணம் வாங்க மாட்டார். கேட்டதற்கு, கோமதி கற்றுக்கொண்ட பிறகு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான் கூலி என்றார். நான் வர்றது குழந்தைக்கு இல்ல, உங்க ரெண்டு பேருக்கு என்றும் சொன்னார். அதை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

நான் அவரிடம் முதல் வாரமே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். ஜூன் 30 வரை பார்ப்பேன். அதற்குள் இந்தக் குழந்தை யாரையாவது எதற்காவது தேடி வருகிறாள் என்பதற்கு எனக்கு அத்தாட்சி வேண்டும். இல்லையென்றால் பாரத்தில் கையெழுத்து. கோமதி அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அந்த அம்மாள் தினமும் மைதிலி செய்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அது எனக்கு வரும் வேலை. நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, காலையும் மாலையும் விடுமுறை நாளில் முழுதுமாக எண்ணினேன். தினம் தூங்குவதற்கு முன் பத்தி பத்தியாகக் கூட்டினேன். நோட்டைப் பூட்டி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை, நோட்டு எங்கே என்று கேட்டார். பெருமையோடுதான் கொண்டுவந்து கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது என்பதை நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. நோட்டைக் கோமதியிடம் நீட்டி, "மொத்தத்தை மட்டும் படி கோமதி" என்றார்.

கோமதி எழுத்துக் கூட்டாமல், பள்ளிக்கூடத்தில் படிப்பது போல, நேராக நின்று படித்தாள். அழுதது இருநூற்றுப் பதினொன்று. சாமான் எறிந்தது அறுபத்து நான்கு. கடித்தது பதினேழு. கூப்பிட்டுத் திரும்பாதது முந்நூற்று நாற்பது. டோக்கன் தொலைத்தது இருபத்தாறு. அதற்கு அடுத்த பத்தியில் நின்றாள். பிறகு அதையும் படித்தாள். "தாய் அழுதது, ஒன்பது."

நான் தரையைப் பார்த்தேன். மைதிலியின் டோக்கன் ஒன்று சுழன்று அடங்கியது.

"ஒம்பது இல்லீங்க" என்றாள் கோமதி. கோபமே இல்லை குரலில். தப்பான கூட்டலைத் திருத்துவது போலச் சொன்னாள். "நீங்க ஆபீசுக்குப் போன பொறவு யாரு எண்ணுனா?"

அந்த அம்மாள் நோட்டை வாங்கி மூடி என் மடியில் வைத்தார். "அச்சா எழுதிருக்கீங்க சார். ஆடிட் ரிப்போர்ட். எது இல்லை, எது உடைஞ்சது, எது தொலைஞ்சது. அந்தக் குழந்தை என் கையைப் பிடிச்சு இழுத்தாளே, அது எந்தப் பத்தியில இருக்கு?"

எந்தப் பத்தியிலும் இல்லை. அதற்கு நான் கோடே போடவில்லை.

புதிதாக ஒரு நோட்டு போடச் சொன்னார். இரண்டே பத்தி. நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள். அன்றைக்கே ஆரம்பித்தேன். தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்து, இருபது வரை எண்ணி, ஒன்றும் நடக்காமல் டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டேன். "உங்க இருபது எனக்கு எட்டு சார்" என்றார். அவருக்கு முன்னால் இன்னொரு தடவை எண்ணினேன். அப்போது ஒன்பது என்றார். கோமதி சிரித்தாள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது, எண்ணவில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரோல் பாகில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். இரண்டு அறை. கதவைத் திறந்தது அவருடைய அக்கா பையன், இருபது வயதுக்கு மேல் இருக்கும், நல்ல உயரம். என்னைப் பார்க்கவில்லை, என் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். பின்னால் நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வெயிலில் நிற்கிறேன். பையனின் உதடு அசைந்தது, நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. பிறகு அவன், "உள்ள வாங்க. உக்காருங்க. ஃபேன் போடறேன்" என்றான். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, சுத்தமாக வந்தன. ஃபேனையும் போட்டான்.

"நான் சொல்லியிருந்தா அவன் சொல்லியிருக்க மாட்டான்" என்றார். கடலையை என் பக்கம் தள்ளினார். அவரைப் பற்றி நான் அறிந்துகொண்டது அவ்வளவுதான். அந்தப் பையன் எப்படி அவரிடம் வந்தான், அக்கா என்ன ஆனார், இவருக்குக் கல்யாணம் ஆயிற்றா, எதுவும் கேட்கவில்லை. மூன்று நிமிடம் என்பாரோ என்று பயம்.

ஜூன் வந்தது. மைதிலி கோமதியிடம் டோக்கனைக் கொடுத்துப் பிஸ்கட் வாங்கக் கற்றுக்கொண்டாள். டோக்கனைப் போட்டால் பால் வருகிறது என்பதைப் பூத்தில் பார்த்திருந்தாள். அதையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார் அந்த அம்மாள். டோக்கனைக் கோமதி உள்ளங்கையில் வைத்தால் கால் பிஸ்கட். குளியலறை வாளியைக் காட்டி டோக்கனை வைத்தால் தண்ணீர். அந்த அம்மாளிடம் கொடுத்தால் சுழற்றல். என்னிடம் மட்டும் எதுவும் கொடுத்ததில்லை. என் நோட்டில் முதல் பத்தியில் எண்கள் இருந்தன, இரண்டாம் பத்தியில் ஒவ்வொரு வரியிலும் "ஒன்றுமில்லை." எழுபத்தொரு வரி.

நான் கோமதியிடம் சொன்னேன், உன்னிடம் வருகிறாள் என்பது உண்மைதான், ஆனால் நாளைக்கு நீ இல்லையென்றால் என்ன செய்வது, பாரம் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம் என்று. அவள் பிஸ்கட் டப்பாவின் மூடியை இறுக்கி மேலே வைத்தாள். அண்ணன் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார்.

ஜூன் 29, புதன்கிழமை. ஆறு மணிக்கே முப்பத்து மூன்று டிகிரி. காற்று இல்லை. கூலர் ஓடிக்கொண்டிருந்தது. பாரத்தை மேஜைமேல் விரித்துப் பெயர், வயது, பிறந்த ஊர் எல்லாம் நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. ஆபீஸ் போகும் வழியில் தபாலில் போட்டுவிட வேண்டும். பேனாவில் மை தீர்ந்திருந்தது. மை ஊற்றி நிப்பைத் துடைத்து நிமிர்ந்தபோது மைதிலி மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, கூலரைப் பார்த்தாள். கை மட்டும் என் பக்கம் நீண்டது. பேனா இல்லாத என் இடது உள்ளங்கையில் ஒரு டோக்கனை வைத்தாள்.

மணி ஏழு ஐம்பத்திரண்டு.

என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பிஸ்கட்டா என்று கேட்க வாய் வந்தது. தண்ணீரா என்று கேட்க வந்தது. கோமதியைக் கூப்பிட வந்தது. கோமதி அடுப்படி வாசலில்தான் நின்றாள், ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். மெதுவாக, அந்த அம்மாளின் எண்ணிக்கையில். பத்து. இருபது. முப்பது. முப்பத்தொன்பதில் மைதிலி என் மணிக்கட்டைப் பிடித்து நாற்காலியிலிருந்து தரைக்கு இழுத்தாள்.

இழுத்த வேகத்தில் நானும் தரைக்குப் போனேன். இஸ்திரி போட்ட பேண்டோடு முட்டி போட்டேன். டோக்கனைச் சுழற்றச் சொல்கிறாள். எனக்கு அது தெரியாது. ஐந்தரை மாதம் மேலிருந்து பார்த்தவன், ஒருநாளும் சுழற்றியதில்லை. விரல் வழுக்கி டோக்கன் உருண்டு வராந்தா ஓட்டைக்குள் போயிற்று. அவள் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாட்டிலிலிருந்து இன்னொன்று எடுத்துக் கையில் வைத்தாள். அதுவும் போயிற்று. இன்னொன்று. ஐந்தாவதோ ஆறாவதோ டோக்கன் என் விரலில் நின்று சுழன்றது. "சுத்து" என்றேன். அவள் கன்னத்தைத் தரையில் வைத்தாள். நானும் வைத்தேன். சிமென்ட் தரை சில்லென்று இருந்தது. டோக்கன் சுழலும்போது வட்டமாக இல்லை. ஒரு கண்ணாடிக் குமிழி மாதிரி நிற்கிறது. கீழிருந்து பார்த்தால் அதற்குள் ஜன்னல் தெரிகிறது.

மறந்துவிடுவதற்குள் எழுத வேண்டும் என்று தோன்றியது. நோட்டு எட்டவில்லை. மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து, திருப்பி, தரையில் வைத்து எழுதினேன். "7.52. கையில் வைத்தாள். 39 வரை காத்திருந்தேன். தரைக்கு இழுத்தாள்." பக்கத்தில் தேதி போட்டு, பழக்க தோஷத்தில் கீழே என் கையெழுத்தையும் போட்டேன். அது ஹோம் பாரத்தின் பின்பக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. கிறுக்கிய பாரத்தை எந்த ஆபீசும் வாங்காது. இன்னொரு பாரம் கேட்டு அண்ணனுக்கு நான் எழுதவில்லை.

அந்த அம்மாள் அன்றைக்கு வரவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் கோமதி சொன்னாள், சரியாக ஏழு நாற்பதுக்கு அவர் படியேறி வந்து, திறந்திருந்த கதவுக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார் என்று. நான் தரைக்குப் போனதும் கோமதியிடம் கையால் ஒரு சைகை காட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போனாராம். "இத்தனை நாளும் உங்களுக்காகத்தான் லைன்ல இருந்தாவ போல" என்றாள் கோமதி.

வெள்ளிக்கிழமை வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை. டீயை நின்றபடியே குடித்தார். இனிமேல் வர மாட்டேன் என்றார். நான் ஏதேதோ சொன்னேன், இப்போதுதானே தொடங்கியிருக்கிறது, பேச்சு வரவில்லையே, பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று. மூன்று நிமிடம் ஆயிற்று என்பார் என எதிர்பார்த்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார், "ரெண்டு பக்கமும் பேச ஆரம்பிச்சாச்சு சார். இனிமே நான் லைன்ல இருந்தா ஒட்டுக் கேட்கறது. விதிக்கு விரோதம்."

பதினாறு படியும் நிற்காமல் இறங்கினார்.

எழுபத்து நான்கு முறை வந்திருக்க வேண்டியவர், ஐந்து முறை தவறினார். இரண்டு காய்ச்சல், ஒன்று பஸ் ஸ்ட்ரைக், இரண்டுக்குக் காரணம் சொல்லவில்லை. சொன்னபடி கோமதி மோதி பாகில் ஒரு வீட்டுக்கு ஒரு வருடம் போனாள், அங்கே ஒரு சின்னப் பையன். மூன்று வருடம் கழித்து ஒருநாள் டிரங்க் புக் செய்துவிட்டு, முப்பத்தொன்பதாம் நம்பர் இருக்கிறாரா என்று கேட்டேன். "தர்ட்டி நைன் ஹியர்" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். பிறகு நேராக டயல் செய்யும் வசதி வந்துவிட்டது, கேட்க ஆளில்லை.

மைதிலிக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. ஜனக்புரியில் என்னோடு இருக்கிறாள். கோமதி போய் ஆறு வருடம். மைதிலிக்கு இருக்கும் வார்த்தைகள் நாற்பத்து மூன்று. வேண்டியதை வந்து கேட்கிறாள், வேண்டாததை வேண்டாம் என்கிறாள். படுக்கும் முன் கேஸ் மூடியிருக்கிறதா என்று நான் நான்கு தடவை பார்ப்பேன். ஐந்தாவது தடவை எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறாள். எனக்குப் பிறகு என்ன என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. அண்ணன் கேட்டது தப்பான கேள்வி இல்லை.

கணக்குப்படி முடிக்க வேண்டியது ஒன்று பாக்கி. அந்த ஐந்தரை மாதத்தில் தொலைந்த டோக்கன் நாற்பத்தேழு. குவார்ட்டர்ஸ் காலி செய்தபோது கூலர் ஸ்டாண்டுக்கு அடியில் நான்கு கிடைத்தன. மீதி நாற்பத்து மூன்று. டோக்கன் ஒன்று ஒரு ரூபாய் எழுபத்தைந்து காசு. அந்த அம்மாளுக்காக எனக்கு ஆன மொத்தச் செலவு எழுபத்தைந்து ரூபாய் இருபத்தைந்து காசு.